திட்டம் போடக் கற்றவர்கள் அதை அப்டேட் செய்யவும் கற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ப்ரைமவேரா பி6, எம்.எஸ். ப்ராஜெக்ட் என்ற திட்டமிடல் மென்பொருள்களுக்கான பயிற்சி விளம்பரங்கள் தொடர்ந்து வருகின்றன. சிவில், மெக்கானிக்கல் முடித்த இளைஞர்கள் வளைகுடா வேலையையோ உள்ளூர்க் கட்டுமான நிறுவனத்தில் பிளானிங் இன்ஜினியர் வேலையையோ மனதில் வைத்துப் பணம் கட்டிச் சேர்கிறார்கள். பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஆக்டிவிட்டிகளை, அதாவது திட்டத்தின் தனித்தனி வேலைகளை, உள்ளிடுவது, எதற்குப் பின் எது என்று தொடர்பு கொடுப்பது, ஆளையும் இயந்திரத்தையும் ஏற்றுவது, பார் சார்ட்டை வண்ணத்தில் அச்சிடுவது ஆகியவைதான் இருக்கின்றன. அப்டேட், அதாவது சைட்டில் உண்மையில் நடந்ததைத் திட்டத்தில் பதிவது, கடைசி வகுப்பில் அவசரமாகத் தொட்டுவிட்டுப் போகும் தலைப்பு. வேலைக்குப் போனபின் நிலைமை தலைகீழ். திட்டம் போடுவது ஒருமுறை. இரண்டு ஆண்டு வேலையில் மாதம் ஒன்று என்று வைத்தாலே அப்டேட் 24 முறை. பல ஒப்பந்தங்களில் அது வாரம் ஒருமுறை. சம்பளம் கொடுப்பது இந்த வேலைக்குத்தான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அப்டேட் கணினியில் தொடங்குவதில்லை, சைட்டில் தொடங்குகிறது. ஆயிரம் ஆக்டிவிட்டி உள்ள ஷெட்யூலை முழுதாக அச்சடித்து சைட் இன்ஜினியர் கையில் கொடுத்தால் யாரும் நிரப்பித் தரமாட்டார்கள். நடந்துகொண்டிருப்பவை, கடந்த காலகட்டத்தில் தொடங்கியிருக்க வேண்டியவை, அடுத்த நான்கு வாரத்தில் தொடங்க வேண்டியவை என்று ஃபில்டர் போட்டால் அறுபது, எழுபது வரிகள்தான் வரும். ஒவ்வொரு வரிக்கும் கேட்க வேண்டியது சில விவரங்கள்தான். தொடங்கிவிட்டதா, எந்தத் தேதியில்? முடிந்துவிட்டதா, எந்தத் தேதியில்? முடியவில்லை என்றால் இன்னும் எவ்வளவு அளவு பாக்கி? அதற்கு இன்னும் எத்தனை வேலைநாள்? எத்தனை ஆள்? 'எத்தனை சதவீதம் முடிந்தது' என்று மட்டும் கேட்டால் எல்லா வரியிலும் 80 என்று வந்து நிற்கும். அடுத்த மாதமும் அதே 80 இருக்கும். டன், கனமீட்டர், சதுர மீட்டர் என்று கேட்டால்தான் ஆள் அளந்து பார்த்துச் சொல்வார்.

தகவல் வந்ததும் ஃபைலைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துத் தேதியிட்டு வைக்க வேண்டும். இது முந்தைய மாத நிலவரம். பேஸ்லைன் என்பது வேறு. அது ஒப்புக்கொள்ளப்பட்ட மூலத் திட்டம். வேலை முடியும்வரை அசையாமல் இருக்க வேண்டிய ஒன்று. பி6-ல் 'மெயின்டெயின் பேஸ்லைன்ஸ்' வழியாக நடப்புத் திட்டத்தின் நகலைப் பேஸ்லைனாக வைத்து, பிறகு 'அசைன் பேஸ்லைன்ஸ்' போய் அதை ஒப்பீட்டுக்கு இணைக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை மறந்தால் பேஸ்லைன் பார்கள் நடப்புத் திட்டத்தின் மீதே படிந்து, தாமதம் பூஜ்யம் என்று காட்டும். எம்.எஸ். ப்ராஜெக்டில் 'செட் பேஸ்லைன்' கொடுத்தால் போதும். மொத்தம் 11 பேஸ்லைன் வைத்துக்கொள்ள இடம் உண்டு. அந்த வசதியைச் சாக்காக வைத்து மாதாமாதம் முதல் பேஸ்லைனையே அழித்துப் புதிதாக வைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு மாதமும் திட்டம் சரியான நேரத்தில் போவதுபோலவே தெரியும். தாமதம் எந்த மாதம், யாரால் வந்தது என்பதற்கான தடயம் அந்த ஃபைலில் இருக்காது.

அடுத்தது, கணக்கை மூடும் நாள். பி6-ல் இதற்கு டேட்டா டேட் என்று பெயர், எம்.எஸ். ப்ராஜெக்டில் ஸ்டேட்டஸ் டேட். விதி எளிமையானது: நடந்து முடிந்த எதுவும் பார் சார்ட்டில் இந்த நாளைக் காட்டும் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கக்கூடாது, செய்ய வேண்டிய எதுவும் இடப்பக்கம் இருக்கக்கூடாது. பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு விதியை மீறுவதால் வருகிறது.

சனிக்கிழமை மாலையோடு கணக்கை மூடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பலர் பி6-ல் தேதிகளை மறுகணக்கிடும் எஃப்9 பொத்தானை அழுத்தி டேட்டா டேட்டில் சனிக்கிழமைத் தேதியையே போடுகிறார்கள். நேரம் 00:00 என்று இருந்தால் அது சனிக்கிழமை தொடங்கும் நொடி. சனிக்கிழமை பார்த்த வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஞாயிறு 00:00 அல்லது திங்கள் காலை 8 மணி என்று போடுவதே சரி. 'யூசர் ப்ரெஃபரன்சஸ்' பகுதியில் தேதியோடு நேரத்தையும் காட்டும்படி வைத்தால் இந்தக் குழப்பம் கண்ணில் படும். நேரத்தை மறைத்து வைத்துக்கொண்டு, 'ஒரு நாள் எங்கே போனது' என்று தேடுவது வீண் வேலை.

டேட்டா டேட்டுக்குப் பிந்தைய தேதியை ஒருவர் 'ஆக்சுவல் ஃபினிஷ்' கட்டத்தில் எழுதினால் பி6 தடுக்காது. கணக்கு ஓடியதும் தரும் லாக் என்ற பதிவில் ஓர் எச்சரிக்கை மட்டும் எழுதி வைக்கும். பாக்கி வேலையை, எஃப்9 கொடுத்ததும் அதுவே டேட்டா டேட்டுக்கு வலப்பக்கம் நகர்த்திவிடும். எம்.எஸ். ப்ராஜெக்ட் அப்படி நகர்த்தாது. கடந்த மாதம் 10-ம் தேதி தொடங்கியிருக்க வேண்டிய வேலை தொடங்காமல் போனாலும் அதே தேதியில் பார் உட்கார்ந்திருக்கும். அதன் பின்னால் வருபவையும் கடந்த காலத்திலேயே முடிந்துகொண்டிருக்கும். ப்ராஜெக்ட் டேப்பில் 'அப்டேட் ப்ராஜெக்ட்' திறந்து, முடியாத வேலையைக் குறிப்பிட்ட தேதிக்குப் பின் தொடங்கும்படி மாற்றும் தேர்வைக் கொடுத்தால்தான் அவை நகரும். பாதியில் நிற்கும் வேலைகளும் நகர வேண்டுமானால், ஆப்ஷன்ஸில் 'ஸ்ப்ளிட் இன்-ப்ராக்ரஸ் டாஸ்க்ஸ்' டிக் ஆகியிருக்க வேண்டும். 'அப்டேட் ப்ராஜெக்ட்' பெட்டியின் மேல்பகுதியில் இருக்கும் தேர்வும், ரிப்பனில் இருக்கும் 'மார்க் ஆன் ட்ராக்' பொத்தானும் ஆபத்தானவை. இவற்றைக் கொடுத்தால், ஸ்டேட்டஸ் டேட்வரை எல்லாம் திட்டப்படியே நடந்ததாகத் தானாகப் பதிவாகும். சைட்டில் ஒரு செங்கல் வைக்காத வேலைக்கும் அது பதிவு போட்டுவிடும்.

இதே வகைப் பிழை இன்னொன்று. எம்.எஸ். ப்ராஜெக்டில் ஒரு வேலைக்கு நேராக 100 சதவீதம் என்று அடித்தால் அது 'முடிந்த தேதி'யாகத் திட்டத்தில் இருந்த தேதியை எடுத்துக்கொள்ளும். வேலை ஒன்பது நாள் தாமதமாக முடிந்திருந்தாலும் குறித்த நாளில் முடிந்ததாகவே வரலாறு எழுதப்படும். எனவே 'ட்ராக்கிங்' டேபிளைத் திறந்து முதலில் ஆக்சுவல் ஸ்டார்ட், ஆக்சுவல் ஃபினிஷ் தேதிகளை எழுத வேண்டும். சதவீதம் அதற்குப் பிறகு.

இனி ஒரு கணக்கை நெருங்கிப் பார்ப்போம். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் மூன்றாம் தளத்து ஸ்லாபுக்கு 12 டன் கம்பி கட்ட வேண்டும். திட்டப்படி 8 பேர், 10 நாள். ஆக 80 ஆள்நாள். நாளுக்கு 1.2 டன் என்ற வேகம். ஆறு நாள் முடிந்தபோது அளந்து பார்த்தால் கட்டியது 4.5 டன். 8 பேரும் ஆறு நாளும் வந்திருக்கிறார்கள். 48 ஆள்நாள் செலவாகிவிட்டது.

பி6-ல் இந்த ஆக்டிவிட்டியின் 'பர்சன்ட் கம்ப்ளீட்' வகை 'டியூரேஷன்' என்று இருந்து, 10 நாளில் 6 நாள் போயிற்று, மீதி 4 நாள் என்று எழுதினால் திரையில் 60 சதவீதம் என்று வரும். உண்மையில் முடிந்தது 4.5-ஐ 12-ஆல் வகுத்தால் 37.5 சதவீதம். அளக்கக்கூடிய வேலைகள் எல்லாவற்றுக்கும் வகையை 'ஃபிசிக்கல்' என்று மாற்றுவதே நல்லது. அப்போது சதவீதமும் மீதிநாளும் ஒன்றையொன்று இழுக்காது. இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுபவர் யோசித்தே ஆக வேண்டும்.

மீதிநாள் எவ்வளவு? பாக்கி 7.5 டன். திட்ட வேகத்தில் வகுத்தால் ஆறேகால் நாள், அதாவது 7 நாள் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஆறு நாளும் நடந்த வேகம் நாளுக்கு 0.75 டன். அதே 8 பேர், அதே நிலைமை என்றால் இன்னும் 10 நாள் ஆகும். வேகம் ஏன் குறைந்தது என்று சைட்டில் கேட்காமல் இந்தக் கட்டத்தை நிரப்பக்கூடாது. முதல் மூன்று நாள் கம்பி லாரி வராமல் ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்றால் இனி பழைய வேகம் திரும்பலாம். சென்ட்ரிங் பாதி இடத்தில்தான் தயார் என்றால் ஆளைக் கூட்டினாலும் பயன் இல்லை. கம்பி வளைக்கும் இடத்திலிருந்து மேலே ஏற்ற கிரேன் கிடைக்கவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது கிரேனை. இந்த மூன்றும் ஒரே 37.5 சதவீதத்தைத்தான் காட்டும். மீதிநாள் மட்டும் மூன்றுக்கும் வேறு.

ரிசோர்ஸ், அதாவது ஆள், இயந்திரக் கணக்கின் அப்டேட்டில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் 'ஆக்சுவல் யூனிட்ஸ்' (செலவான ஆள்நாள்) கட்டத்தில் 48 என்று எழுதியதும் மென்பொருள் 80-லிருந்து 48-ஐக் கழித்து மீதி 32 என்று வைக்கும். டியூரேஷன் டைப் 'ஃபிக்ஸ்டு யூனிட்ஸ்' என்று இருந்தால் 32-ஐ 8-ஆல் வகுத்து, மீதி 4 நாள் என்றும் மாற்றிவிடும். இன்னும் 10 நாள் ஆகும் வேலை 4 நாளில் முடியும் என்று திரை சொல்கிறது. இதை மென்பொருளின் கோளாறு என்று சொல்ல முடியாது. 7.5 டன் பாக்கி இருப்பதை யாரும் அதனிடம் சொல்லவில்லை. பி6-ல் ப்ராஜெக்ட் விவரங்களில் 'கால்குலேஷன்ஸ்' டேப்பில் இதற்கான தேர்வு இருக்கிறது: செலவானதை மொத்தத்திலிருந்து கழிப்பதா, மீதியோடு கூட்டுவதா என்று. எது தேர்வாகியிருக்கிறது என்பதை முதல் அப்டேட்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். எது இருந்தாலும் 'ரிமெய்னிங் யூனிட்ஸ்' கட்டத்தை நாமே கணக்கிட்டு எழுதுவதுதான் பாதுகாப்பு.

8 பேரோடு தொடர்ந்தால் மீதி 80 ஆள்நாள், மொத்தம் 128. அதே வேகத்தில் 12 பேர் என்றால் நாளுக்கு 1.125 டன்; 7 நாளில் முடியும்; மீதி 84 ஆள்நாள், மொத்தம் 132. ஆள் செலவு ஏறத்தாழ அதேதான். மூன்று நாள் லாபம். இப்படி இரண்டு வழியையும் எண்ணோடு எழுதிக் கொடுத்தால் ப்ராஜெக்ட் மேனேஜர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுப்பார். முடித்த வேலையின் பட்ஜெட் மதிப்பைச் செலவோடு ஒப்பிடும் எர்ன்டு வேல்யூ கணக்கும் இதையே சொல்கிறது: 80-ல் 37.5 சதவீதம் 30 ஆள்நாள்; செலவானது 48; விகிதம் 0.625. பட்ஜெட் 80-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் அதே 128 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் உள்ளீடு சரி. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு கட்டம் தப்பாக நிரம்பியிருக்கிறது.

எம்.எஸ். ப்ராஜெக்டிலும் கழிக்கும் பழக்கம் அதேதான். 8 பேர் என்பது 800 சதவீதம், 80 ஆள்நாள் என்பது 640 மணி. ஆக்சுவல் வொர்க் 384 என்று அடித்தால் மீதி 256 மணி என்று அதுவே போட்டு 4 நாளில் முடித்துவிடும். மீதி வேலையை 640 என்று நாம் அடிக்க வேண்டும்; 12 பேராகக் கூட்டினால் 672. டாஸ்க் டைப் 'ஃபிக்ஸ்டு டியூரேஷன்' என்று இருக்கும் வேலையில் ஆளைக் கூட்டினால் நாள் குறையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆள் சேர்த்தும் முடியும் தேதி அசையவில்லையே என்று குழம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

ஆட்களின் எண்ணிக்கை ஆண்டு முழுதும் ஒன்றாக இருப்பதில்லை. நம் சைட்டுகளில் இது எல்லோருக்கும் தெரியும். தீபாவளி, பொங்கலுக்கு உள்ளூர் ஆட்கள் ஊருக்குப் போவார்கள். சத் பூஜைக்குப் பீகார்க்காரர்களும், துர்கா பூஜைக்கு வங்காளத்துக்காரர்களும், ஹோலிக்கு வட மாநிலத்தவர் பலரும் கிளம்புவார்கள். பண்டிகை இரண்டு நாள் என்றாலும் ரயில் பயணத்தோடு சேர்த்துத் திரும்பி வர வாரக்கணக்காகும். காலண்டரில் பொங்கலுக்கு விடுமுறை போட்டதோடு இந்தக் கணக்கு தீர்ந்துவிடாது. பி6-ல் ரிசோர்ஸ் விவரங்களில் 'யூனிட்ஸ் அண்ட் ப்ரைசஸ்' டேப்பில், எந்தத் தேதியிலிருந்து அதிகபட்சம் எத்தனை பேர் என்று வரி வரியாக எழுதலாம். எம்.எஸ். ப்ராஜெக்டில் ரிசோர்ஸ் விவரத்தில் 'அவெய்லபிலிட்டி' அட்டவணை அதே வேலையைச் செய்யும். இந்த அட்டவணையைத் தொடாமல் 40 கொத்தனார் என்று ஒரே எண்ணை ஆண்டு முழுதும் ஓடவிட்டால், அக்டோபரிலிருந்து ஜனவரிவரை ரிசோர்ஸ் வரைபடம் கற்பனையாகவே இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்குத் தனி காலண்டர் வைப்பது நல்ல வழக்கம். மண் தோண்டுவது, மொட்டைமாடி நீர்க்காப்பு, வெளிச்சுவர் பெயின்ட் மூன்றுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வாரத்துக்கு இத்தனை நாள்தான் வேலை என்று குறைத்து வைக்கலாம். உள்பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அது தேவையில்லை. கான்கிரீட் இறுகும் காலத்துக்கோ ஞாயிறும் கிடையாது, பொங்கலும் கிடையாது. ஐ.எஸ். 456:2000 தரநிலைப்படி 4.5 மீட்டர்வரை இடைவெளி உள்ள ஸ்லாபின் முட்டுகளை 7 நாளுக்குப் பிறகும், அதற்கு மேல் என்றால் 14 நாளுக்குப் பிறகும் எடுக்கலாம். இந்த 7 நாளை ஆறு நாள் வாரக் காலண்டரில் லேக் ஆக, அதாவது இரண்டு வேலைக்கு நடுவே காத்திருக்கும் இடைவெளியாக, கொடுத்தால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஞாயிறு வீணாகக் கூடும். பத்து மாடிக்குப் பத்து நாள். பி6-ன் ஷெட்யூல் ஆப்ஷன்ஸில் லேக் எந்தக் காலண்டரைப் பின்பற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. ஆனால் அது திட்டம் முழுமைக்கும் பொதுவானது. அதனால் முட்டு நிற்கும் காலத்தையே ஒரு ஆக்டிவிட்டியாகப் போட்டு அதற்கு ஏழு நாள் காலண்டர் கொடுப்பது தெளிவான வழி.

வளைகுடா போகும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை. ரமலான் மாதத்தில் தனியார் துறையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் குறையும். காலண்டரில் இந்த நேரங்களை மாற்றும்போது, ஒரு நாள் என்பது எத்தனை மணி என்ற அமைப்பும் அதனோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நாளுக்கு 10 மணி வேலை உள்ள காலண்டரில் அந்த அமைப்பு 8 என்றே இருந்தால் 10 நாள் வேலை திரையில் 12.5 நாள் என்று தெரியும். கணக்கு சரியாகவே ஓடும். காட்டும் எண் மட்டும் பிசகும். அதைத் திருத்துகிறேன் என்று டியூரேஷனை 10 என மாற்றினால்தான் கணக்கே கெடும்.

அடுத்து, வரிசை மாறி நடக்கும் வேலைகள். சுவரில் எலக்ட்ரிகல் பைப் பதிக்கக் காடி வெட்டி முடித்த பிறகே பூச்சு என்பது திட்டம். சைட்டில் மேற்குப் பக்க அறைகளில் காடி முடிந்ததும் பூச்சு தொடங்கிவிடுகிறார்கள். அப்டேட்டில் பூச்சுக்கு ஆக்சுவல் ஸ்டார்ட் எழுதியதும் இது 'அவுட் ஆஃப் சீக்வென்ஸ்' ஆகிறது. ஷெட்யூல் ஆப்ஷன்ஸில் 'ரிட்டெய்ன்டு லாஜிக்' இருந்தால், காடி முழுதும் முடியும்வரை பாக்கிப் பூச்சு காத்திருக்கும் என்று கணக்கு வரும். முடியும் தேதி தள்ளிப்போகும். 'ப்ராக்ரஸ் ஓவர்ரைடு' என்று மாற்றினால் காடிக்குக் காத்திராமல் பூச்சு ஓடும். தேதி முன்னே வரும். தேதி அழகாக வருகிறது என்பதற்காக இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பது தவறு. அந்தத் தேர்வு திட்டத்தில் வரிசை மாறிய எல்லா ஆக்டிவிட்டிகளையும் சேர்த்து மாற்றும்; உண்மையிலேயே காத்திருக்க வேண்டியவையும் ஓடத் தொடங்கிவிடும். ரிட்டெய்ன்டு லாஜிக்கை அப்படியே விட்டுவிட்டு, அந்த ஒரு தொடர்பை மட்டும் திருத்துவதே முறை: பூச்சை மேற்கு, கிழக்கு என்று இரண்டாகப் பிரிக்கலாம், அல்லது தொடக்கத்துக்குத் தொடக்கம், முடிவுக்கு முடிவு என்று தொடர்பை மாற்றி இடைவெளி கொடுக்கலாம். எதை, ஏன் மாற்றினோம் என்று ஆக்டிவிட்டியின் நோட்புக்கில் இரண்டு வரி எழுதி வைத்தால் ஓராண்டு கழித்து கூடுதல் காலமோ பணமோ கேட்டு கிளெய்ம் வரும்போது உதவும்.

எம்.எஸ். ப்ராஜெக்டில் இன்னொரு கண்ணி: ஸ்டார்ட் கட்டத்தில் தேதியைக் கையால் அடித்தாலே 'ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்' (இந்தத் தேதிக்கு முன் தொடங்கக்கூடாது) என்ற கட்டுப்பாடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளும். முந்தைய வேலை பின்னர் விரைவாக முடிந்தாலும் இது முன்னே வராது. அப்டேட் முடிந்ததும் 'கன்ஸ்ட்ரெயின்ட் டைப்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தால் இவை பிடிபடும்.

லெவலிங், அதாவது ஆளோ இயந்திரமோ போதாதபோது வேலைகளைத் தள்ளி வைத்துச் சமன் செய்வது, பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே டவர் கிரேனை மூன்று வேலைகள் ஒரே நாளில் கேட்டால் மென்பொருள் எதையாவது தள்ளி வைத்துத் தீர்க்கும். எதைத் தள்ளுவது என்ற முன்னுரிமையை நாம் கொடுக்கவில்லை என்றால் அது தன் விதிப்படி தள்ளும். சைட்டுக்கு அது ஒத்துவராது. முதலில் நகல். பிறகு ஃப்ளோட் (முடியும் தேதியைப் பாதிக்காமல் தள்ளக்கூடிய அவகாசம்) இருக்கும் அளவுக்குள் மட்டும் நகர்த்தும் தேர்வோடு ஓட்டிப் பார்ப்பது. தீராமல் மிச்சம் நிற்பவற்றை ஆளும் இயந்திரமும் வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து பேசித் தீர்ப்பது. கம்பி கட்டுபவர்கள், கொத்தனார்கள் போன்ற குழுக்களுக்கு நான் லெவலிங் பொத்தானை நம்பச் சொல்லமாட்டேன். கிரேன், கான்கிரீட் பம்ப் போல எண்ணிக்கையைக் கூட்ட முடியாதவற்றுக்கு அது பயன்படும்.

கணக்கு ஓடிய பிறகு 'வியூ லாக்' திறக்காமல் யாரும் ஃபைலை மூடக்கூடாது. முன்தொடர்பு இல்லாத ஆக்டிவிட்டி ஒன்றும், பின்தொடர்பு இல்லாதது ஒன்றும் மட்டும் இருக்கலாம், தொடக்கமும் முடிவும். அதற்கு மேல் இருந்தால் எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது. டேட்டா டேட்டைத் தாண்டிய ஆக்சுவல் தேதிகள் பூஜ்யம் என்று இருக்க வேண்டும். வரிசை மாறியவற்றின் பட்டியல் சைட்டில் கேட்டறிந்ததோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு கிரிட்டிகல் பாத், அதாவது திட்டம் முடியும் தேதியைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலி. போன மாதம் அடித்தளத்தில் ஓடியது இந்த மாதம் லிஃப்ட் கொள்முதலுக்குத் தாவியிருந்தால், அது ஏன் என்று விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாத தாவல் பெரும்பாலும் தப்பான உள்ளீடு.

பயிற்சி நிறுவனங்களுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் என் வேண்டுகோள், வெற்றுத் திரையிலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டாம் என்பதே. பாதி முடிந்த ஒரு திட்டத்தின் ஃபைலைக் கொடுங்கள். அறுபது ஆக்டிவிட்டி போதும். அதோடு நான்கு வாரத்து சைட் டைரியைக் கொடுங்கள். தேதி விடுபட்ட வரிகளும், அளவு முரண்படும் வரிகளும் அதில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்றாக நான்கு அப்டேட் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க விளக்கம் எழுத வைக்கலாம். சேரப்போகும் மாணவர்களும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எத்தனை அப்டேட் செய்ய வைப்பீர்கள்? ஒன்றும் இல்லை என்ற பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஒப்பந்தம் தரும் துறைகளுக்கும் ஒரு வார்த்தை. கட்டுமானத்துக்கான சர்வதேச மாதிரி ஒப்பந்தமான ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகத்தின் 8.3 பிரிவு, வேலை தொடங்கும் அறிவிப்பு கிடைத்த 28 நாளுக்குள் திட்ட அட்டவணையைத் தரச் சொல்கிறது. நடப்பு நிலை அதோடு பொருந்தாமல் போகும்போது திருத்திய அட்டவணையும் தர வேண்டும். இதைப் பின்பற்றும் ஒப்பந்தங்களில்கூட மாதாமாதம் கைக்கு வருவது வண்ண பார் சார்ட் உள்ள பி.டி.எஃப். தான். அதில் தொடர்புகள் தெரியாது, கட்டுப்பாடுகள் தெரியாது, எந்த லாஜிக்கில் ஓடியது என்பதும் தெரியாது. டெண்டர் ஆவணத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்: பி.டி.எஃப்.-உடன் பி6-ன் எக்ஸ்.இ.ஆர். அல்லது எம்.எஸ். ப்ராஜெக்டின் எம்.பி.பி. மூல ஃபைல், ஷெட்யூல் லாக், போன மாதத்திலிருந்து மாறிய தொடர்புகளின் பட்டியல் மூன்றும் வர வேண்டும் என்று. வந்த எக்ஸ்.இ.ஆர். ஃபைலைத் துறையின் பொது டேட்டாபேஸில் நேரடியாக இறக்க வேண்டாம். ஒப்பந்ததாரரின் காலண்டர்களும் ரிசோர்ஸ்களும் அதோடு சேர்ந்து உள்ளே வந்து கலந்துவிடும். சோதனைக்கென்று தனி டேட்டாபேஸ் ஒன்று வைத்து அதில் திறந்து பார்க்க, ஒவ்வொரு கோட்டத்திலும் ஓர் உதவிப் பொறியாளருக்காவது பயிற்சி கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
திட்டமிடல் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்